அன்டிஃபைன்ட், உங்க பாக்சோ ரெடி!

மதிப்பிற்குரிய ஹெண்ட்ரோ மாமாவுக்கு, சுரபாயாவிலிருந்து மருமகன் விக்னியோ எழுதுவது. தங்கள் டைல்ஸ் கடையும் மூட்டுவலியும் சௌக்கியமா? அங்கே எனக்காகப் போட்டு வைத்திருக்கும் கணக்குப்பிள்ளை நாற்காலியை இன்றே வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். நான் ஜெயித்துவிட்டேன்!

அம்மாவின் பாக்சோ கடையில் கறி உருண்டை சூப் தயாரானதும் வாடிக்கையாளரைப் பெயர் சொல்லி ஸ்பீக்கரில் கூப்பிட நான் புரோகிராம் எழுதியது தங்களுக்குத் தெரியும். நேற்று அது முதன்முதலாக வாயைத் திறந்து, "அன்டிஃபைன்ட், உங்க பாக்சோ ரெடி!" என்றது. அடுத்த கிண்ணத்துக்கும் அதே பெயர். சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டும் விர்யோ அண்ணன் பசியில், "யாருய்யா அந்த அன்டிஃபைன்ட்? எல்லா சூப்பையும் அவனே குடிச்சிடுவான் போலிருக்கே!" என்று கத்த, கடையே சிரித்தது, அம்மாவைத் தவிர. "நாளைக்கும் இப்படின்னா நானே தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கறேன். நீ பெட்டியக் கட்டிக்கிட்டு உங்க மாமாகிட்ட போயிடு" என்றாள்.

தவறு எங்கே தெரியுமா மாமா? நான் புரோகிராம் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் 'இது' என்று சுட்டிக்காட்ட 'திஸ்' என்றொரு சொல் உண்டு. ஃபங்ஷன் என்றால் ஒரு வேலைக்கான கட்டளைத் தொகுப்பு; சாதாரண ஃபங்ஷனில் திஸ் யார் கூப்பிடுகிறார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடும். நானோ சூப் சற்று ஆறட்டும், பிறகு கூப்பிடு என்று டைமரிடம் ஒப்படைத்திருந்தேன். டைமர் கூப்பிட்டதும் திஸ், வாடிக்கையாளர் பெயர் இருக்கும் ஆர்டரைக் கைகழுவிவிட்டது; பெயர் கிடைக்காத இடத்தில் ஜாவாஸ்கிரிப்ட் 'அன்டிஃபைன்ட்', அதாவது 'அப்படி எதுவும் இல்லை' என்று போட்டுவிடும். டைமருக்கு விர்யோ அண்ணனை என்ன தெரியும்? ஆரோ ஃபங்ஷன் அப்படியில்லை. அதற்கென்று சொந்தமாகத் திஸ் கிடையாது, யார் கூப்பிட்டாலும் தன்னை எழுதிய இடத்தில் இருக்கும் திஸ்ஸையே எடுத்துக்கொள்ளும். டைமரிடம் கொடுத்ததை மட்டும் ஆரோவாக மாற்றினேன். இன்று காலை, "விர்யோ, உங்க பாக்சோ ரெடி!" அண்ணன் எழுந்து நின்று கைதட்டினார் மாமா! அம்மா, "என் புள்ளடா!" என்று எல்லார் கிண்ணத்திலும் ஒரு கறி உருண்டை கூடுதலாகப் போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அத்தைக்கு என் அன்பு. தங்கள் ஆசி எப்போதும் வேண்டும், வேலைதான் வேண்டாம்.

இப்படிக்கு,
வெற்றிவீரன் விக்னியோ

பி.கு.: ஜெயித்த ஜோரில் மற்ற ஃபங்ஷன்களையும் ஆரோவாக மாற்றித் தொலைத்துவிட்டேன், ஆர்டருக்கே சொந்தமான ஃபங்ஷன் உட்பட. இப்போது அது ஆர்டரைத் திரும்பியே பார்க்காமல் வெளியே இருக்கும் திஸ்ஸை எடுத்துக்கொள்கிறது. வெளியே யார் பெயரும் இல்லையே! மதியக் கூட்டம் மொத்தமும் அன்டிஃபைன்ட். திருத்த ஒரு நிமிடம் போதும், ஆனால் அம்மா பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். விர்யோ அண்ணன் என் பெட்டியை ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். நாற்காலியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.