வேல்ஸ் பற்றி நான் எடுத்த வகுப்பு

மொழி தெரியாதவன் இன்னொரு தரம் கேட்டுத் தெளிந்துகொள்வான். தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவனுக்கு அந்த வசதி கிடையாது.

தொண்ணூறுகளில் ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத் தமிழர்களிடையே எனக்கு ஆங்கிலத்தில் அப்படியொரு பெயர். (பரப்பியவன் நான்தான்.) பெற்றோர் கூட்டத்தில் மகள் துளசியின் ஆசிரியை கேட்டார்: "பிள்ளைகளுக்கு வேல்ஸ் பற்றி விளக்குவீர்களா? சாப்பிடவும் ஏதாவது கொண்டுவாருங்கள்."

ஆங்கிலத்தில் திமிங்கிலங்களும் 'வேல்ஸ்'தான். நான் உடனே தலையாட்டினேன்.

"திமிங்கிலப் பாடத்துக்கு என்னத்துக்குச் சாப்பாடு?" என்றாள் மனைவி.

"இஞ்சரும், கடல் விஷயம்தானே. மீன் கட்லட் பொரியும்."

நீலக் காகிதத்தில் பெரிய திமிங்கிலம் ஒன்று வெட்டி, சுருட்டிக்கொண்டு போனேன். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளின் சட்டையிலும் மஞ்சள் டஃபோடில் பூ. சுவரில் சிவப்பு டிராகன் கொடி. முன்வரிசையில் ஒரு மாணவனின் தகப்பன், பிரிட்டிஷ் இராணுவ முகாமில் வேலை செய்யும் பருத்த மனிதர், கோட்டில் வெங்காயத்தாள் போன்ற ஒரு லீக்ஸைக் குத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். (சந்தையிலிருந்து நேரே வருகிறார் என்று நினைத்தேன்.)

திமிங்கிலத்துக்கு ஜெர்மன் சொல் எனக்குத் தெரியாது. ஆங்கிலச் சொல்லையே வைத்து முழங்கினேன்:

"வேல்ஸ் மூச்சுவிட அடிக்கடி மேலே வருவார்கள். தோலுக்கடியில் தடித்த கொழுப்பு. அதனால் குளிரே தெரியாது!"

பருத்த மனிதர் மெதுவாகக் கோட்டுப் பொத்தானைப் பூட்டினார்.

துளசி தமிழில் கத்தினாள்: "ஐயோ அப்பா, அது ஒரு நாடு! நிப்பாட்டுங்கோ!"

கை நழுவியது. காகிதச் சுருள் தானாக விரிந்து, திமிங்கிலம் அவருடைய சப்பாத்தின்மேல் போய்ப் படுத்தது. துளசி மேசையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அவர் திமிங்கிலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நான் வேல்ஸ்காரன். இவர் சொன்னதில் கொழுப்பு மட்டும் உண்மை!"

பாடத்தை அவரே நடத்தினார். மார்ச் முதலாம் திகதி தங்கள் நாட்டுப் புனிதரின் திருநாள் என்றார். அன்று பூவோ லீக்ஸோ குத்திக்கொள்வார்களாம். ஆட்டிறைச்சியும் லீக்ஸும் போட்டு சூப் காய்ச்சுவார்களாம், திராட்சை வற்றல் போட்ட தட்டைக் கேக்குகளைக் கல்லில் சுடுவார்களாம். நான் பக்கத்தில் நின்று லீக்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் எங்கள் கட்லட்டைக் கடித்தவர் உறைப்பில் கொடி டிராகனின் நிறத்துக்கு வந்து, தண்ணீர் குடித்துவிட்டு, இன்னொன்று எடுத்தார்.

துளசிக்கு இப்போது கல்யாணமாகிவிட்டது. இன்றும் நான் எதற்காவது "ஓம், தெரியும்" என்றால், மருமகன் உட்பட வீடே சேர்ந்து கேட்கும்:

"நாடோ, மீனோ?"

(திமிங்கிலம் மீனில்லை. எத்தனை தரம் விளக்கியும் ஒருவரும் கேட்பதாயில்லை.)