வைஃபையை விழுங்கும் பீப்பாய்

பிளெவென், நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை, மாலை 6 மணி 20 நிமிடம். இன்று மட்டும் இணைப்பு அறுந்தது: பதினான்கு முறை.

மதிப்பிற்குரிய போகோமில் சித்தப்பாவுக்கு,

ஸ்விலென் வணக்கத்துடன் எழுதுவது. வெந்நீர் ஊற்றுச் சிகிச்சையில் உங்கள் முழங்கால் மடங்க ஆரம்பித்துவிட்டதாமே, சந்தோஷம். இங்கே சித்தியும் நானும் நலம். வைஃபை நலமில்லை. போனில் பேசினால் சித்தி பக்கத்தில் நின்று "அவன் சொல்றத நம்பாதீங்க" என்று குரல் கொடுப்பாள், அதனால் கடிதம்.

வார்னாவில் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் பராமரிக்கும் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கலாம். போன வாரம் வீடியோவில் நேர்காணல். "அடிக்கடி அறுந்துபோகும் இணைப்பை எப்படிச் சரிசெய்வீர்கள்?" என்று திருமதி காலோயனோவா கேட்டார், நான் வாயைத் திறந்தேன், இணைப்பு அறுந்தது. பெருந்தன்மையாக 21ஆம் தேதி இன்னொரு வாய்ப்பு தந்திருக்கிறார். அதிலும் அறுந்தால் இந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆகவே முறைப்படி சோதித்தேன். ரௌட்டரை அணைத்துப் போட்டேன், லேப்டாப்பின் வைஃபை டிரைவரைப் புதுப்பித்தேன், பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று அது நடுநடுவே வைஃபையைத் தூங்கவைப்பதை நிறுத்தினேன், அக்கம்பக்கத்தார் நெரிக்காத சேனலுக்கு மாற்றினேன், கம்பி போடலாமென்றால் இந்த லேப்டாப்பில் அதற்குத் துளையே கிடையாது, கடைசியில் சேவை எண்ணைக் கூப்பிட்டேன், அங்கிருந்தவன் "அணைச்சுப் போட்டுப் பாத்தீங்களா சார்?" என்றான், நான் என்ன படித்திருக்கிறேன் என்று விளக்கினேன், பொறுமையாகக் கேட்டுவிட்டு "சரி சார், இப்ப அணைச்சுப் போடுங்க" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை திடீரென்று இணைப்பு அறுபடாமல் வேகமாகப் பறந்தது. எழுந்து ஓடிப் பார்த்தால், நடையில் சித்தி முக்காலி போட்டு உட்கார்ந்து, குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாயின் அடிக்குழாயைத் திறந்து உப்புநீரை வாளியில் வடித்துக்கொண்டிருக்கிறாள். கோஸ் சீராகப் புளிக்க, வடித்ததை மேலிருந்து திரும்ப ஊற்றினாள். இணைப்பு செத்தது. இன்று மறுபடி வடித்தாள், பிழைத்தது, ஊற்றினாள், செத்தது. பால்கனி முழுக்க மிளகாய் ஜாடிகளை அடுக்கிவிட்டு, நூற்றிருபது லிட்டர் பீப்பாயை ரௌட்டருக்கும் என் அறைக்கும் நட்டநடுவே நிறுத்திவிட்டுப் போனது நீங்கள்தான். தண்ணீர் வைஃபை அலையை விழுங்கும், சித்தப்பா. இதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

சித்தியிடம் பேசிப் பார்த்தேன்.

"சித்தி, இந்தப் பீப்பாயை நகர்த்தணும்."

"எங்க?"

"கீழே நிலவறைக்கு."

"அங்க சுடுதண்ணிக் குழாய் போகுது, கோஸ் குழைஞ்சு கூழாயிடும். வேணும்னா உன் ரூமை நகர்த்து."

"இது சிக்னலை மறைக்குது சித்தி!"

"இந்தப் பீப்பாய் எனக்குக் கல்யாணமானதுலேருந்து இருக்குடா. உன் சிக்னல் நேத்து வந்தது."

இப்படிப்பட்டவரிடம் தர்க்கம் செல்லாது. "பீப்பாயை நகர்த்தலாம்" என்று நீங்கள் ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

உங்கள் முழங்காலும் என் இணைப்பும் சீக்கிரம் ஒரு நிலைக்கு வரட்டும்.

பணிவுடன்,
ஸ்விலென்

பி.கு. (புதன், மாலை): மேலே உள்ளதை மறந்துவிடுங்கள். நான் தபால்தலை வாங்கிவருவதற்குள், நேர்காணல் இன்றைக்கே என்று திருமதி காலோயனோவா மாற்றிவிட்டார். வேறு வழியில்லாமல் சித்தியிடம் கெஞ்சினேன். நான் பேசும் நேரத்தில் வடிக்கச் சம்மதித்தாள். அரைமணி நேரம் இணைப்பு அசையவே இல்லை. பிறகு கதவு திறந்தது.

"டேய், வாளியெல்லாம் ரொம்பிடுச்சு. திரும்ப ஊத்தட்டுமா, இல்ல இன்னும் பேசணுமா?"

"என்ன ஊத்துறாங்க?" என்றார் திருமதி காலோயனோவா. உண்மையைச் சொன்னேன்.

"காரணத்தைக் கண்டுபிடிச்சுட்டீங்க. அப்புறம் ஏன் சரிபண்ணலை?"

"பீப்பாயை நகர்த்தணும்னா முதல்ல சித்தியை நகர்த்தணும் மேடம்."

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எங்க சர்வர் ரூம்லயும் அப்படி ஒருத்தர் இருக்கார். அவரை வச்சுக்கிட்டே வேலை பாக்கத் தெரிஞ்ச ஆளைத்தான் தேடிட்டிருக்கோம். திங்கக்கிழமை சேந்துடுங்க."

நான் நன்றி சொல்வதற்குள் சித்தி என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "நீங்க கோஸுக்கு உப்பு எவ்வளவு போடுறீங்கம்மா?" என்று ஆரம்பித்துவிட்டாள். நேர்காணலைவிட அந்தப் பேச்சு நீளம். ஆகவே இனி நான் செய்யப்போவது:

1. பீப்பாய் இருந்த இடத்திலேயே இருக்கும். ரௌட்டரைச் செருப்பு அலமாரியிலிருந்து எடுத்து, பீப்பாயைவிட உயரமாகச் சுவரில் மாட்டுவேன். (இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று பதில் எழுத வேண்டாம்.)

2. திங்கட்கிழமை வேலையில் சேருவேன்.

3. நீங்கள் திரும்பும்வரை உப்புநீரை வடித்து ஊற்றும் வேலை என்னுடையது. சித்தி கேட்ட கூலி அதுதான்.

4. டிசம்பரில் பீப்பாய் திறந்ததும் திருமதி காலோயனோவாவுக்கு ஒரு முட்டைக்கோஸ் அனுப்புவேன். எதை என்று சித்தி முடிவுசெய்துவிட்டாள். அடியில் கிடப்பதை. அதை எடுக்க மொத்தப் பீப்பாயையும் நான்தான் காலிசெய்ய வேண்டும்.