ஆவி வந்தால் தொடக்கூடாது

"அத்தா, மறுபடியும் தோத்துப்போட்டீங்க!" என்று ஹிபா சீட்டுகளை வாரி எடுத்தாள்.

உமர் பாரூக்குக்கு இது எட்டாவது தோல்வி. ஆர்.எஸ்.புரத்தில் ஜவுளிக்கடை வைத்து, பேரம் பேச வருகிற எவரையும் வாயாலேயே மடக்கிவிடுகிற மனிதர், எட்டாம் வகுப்பு மகளிடம் பூதச் சீட்டில் முழி பிதுங்கினார். போதாத குறைக்கு வாயைக் கொடுத்தும் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை உன்ற மாமன் வாரதுக்குள்ள ஒரு ஆட்டமாச்சும் ஜெயிக்கலீன்னா என் ஸ்கூட்டரையே வித்துப்போடறேன்!"

துவைத்துக் காயப்போட்ட துணியெல்லாம் அந்தப் பச்சை ஸ்கூட்டரின் புகையில் கறுப்பதைப் பதினைந்து வருஷமாகப் பார்த்துவரும் மனைவி உம்மல் குல்சும் சும்மா இருப்பாளா? "சாட்சிக்கு நான் இருக்கேனுங்க" என்று முடிச்சுப் போட்டுவிட்டாள்.

எல்லாம் ஜப்பானில் வேலை பார்க்கும் மச்சினன் ஆஸிம் அனுப்பிய பார்சலால் வந்த வினை. அக்காளுக்கு ஒரு கரண்ட் குக்கர், மருமகளுக்கு ஒரு சீட்டுக்கட்டு. குக்கர் இங்கத்திக் கரண்டுக்கு ஒத்துவராமல் பரண் ஏறிவிட்டது. பெட்டியின் அடியில் ஜப்பான் எழுத்தில் ஒரு சின்னப் புத்தகம் கிடந்தது. சாதாரண ஆட்டத்தை விளக்கிவிட்டு, 'ஸ்பெஷல் சம்மன் என்று ஒன்று உண்டு. சின்னப் பூதங்களைப் பலி கொடுத்துப் பெரிய பூதத்தை வரவழைப்பது. முறையைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளவும்' என்று ஆஸிம் கடிதம் எழுதியிருந்தான்.

"சம்மன்னா கோர்ட்டுல வருமே, அதா கண்ணு?"

"அதேதானுங்க அத்தா. அங்க ஆளு வரோணும், இங்க பூதம் வரோணும்."

எழுத்துப் புரியாவிட்டால் என்ன, படம் இருக்கிறதே! சனிக்கிழமை மதியமே கடையைச் சாத்திவிட்டு வந்து புத்தகத்தில் மூழ்கினார்.

"ரெண்டு குடுவையைக் கவுக்கறான் பாரு. ரெண்டு பூதம் பலி! அப்பறம் ஆவி கெளம்புது. பெருசு வந்துருச்சு!"

"அதுக்கு முன்னால ஒரு கை மூணு சுத்து சுத்துதுங்களே?"

"மூணு தடவை கலைக்கோணும்னு அர்த்தம்."

கலைத்தார். கையிலிருந்த நல்ல சீட்டெல்லாம் கட்டோடு போய்விட்டது. ஒன்பதாவது தோல்வி.

ஞாயிறு காலை கடைசி ஆட்டம். இந்தத் தடவை எல்லாம் முறைப்படி செய்து, பெரிய பூதத்தைத் தரையில் ஓங்கி இறக்கினார். "செத்தே நீ!"

ஹிபா நிதானமாகப் பக்கத்தைத் திருப்பினாள். "ஆவி வந்தாச்சுன்னா பத்து நிமிசம் தொடக்கூடாதுங்க அத்தா. கடியாரம் போட்டு, கை மேல செவப்புல பெருக்கல் போட்டிருக்குது பாருங்க."

போட்டுத்தான் இருந்தது. உம்மல் குல்சும் சுவர்க் கடிகாரத்தின் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பெரிய பூதம் தேமே என்று நிற்க, மகளின் குட்டிப் பூதங்கள் ஏழாவது நிமிடத்திலேயே ஆட்டத்தை முடித்துவிட்டன.

பழைய வண்டி வாங்கும் சென்னியப்பன் வந்தார். "பிரேக்கை மெதுவாப் புடிங்க, அதுக்குக் கோவம் வந்துரும்" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார் உமர் பாரூக். பச்சை ஸ்கூட்டர் தெருமுனை திரும்பி மறைந்தது.

புகை கலையும் முன் ஆட்டோவிலிருந்து ஆஸிம் இறங்கினான். "மன்னிச்சுக்கோங்க மச்சான், சீட்டாட்டப் புத்தகத்தை அனுப்ப மறந்துபோட்டேன். இப்பக் கொண்டாந்திருக்கேன்."

"அப்ப இது?" என்று உமர் பாரூக் கையிலிருந்ததை நீட்டினார்.

ஆஸிம் புரட்டிப் பார்த்தான். "இது அக்காவோட குக்கர் புக்குங்க மச்சான். ஆவி வந்தப்பறம் பத்து நிமிசம் மூடியைத் தொடாதீங்க, அப்பத்தான் சோறு பதமா இருக்கும்னு போட்டிருக்குது."