கண்டக்டரின் இருபத்துமூன்று தைலமரங்கள்

புதுக்கோட்டை மாவட்டத்தில் தைலமரத்தைத் திட்டாத மனிதர் ஒரே ஒருவர்தான். அந்த ஒருவருக்குத்தானா நான் மாடி போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்க வேண்டும்!

பெயர் என்னவோ ஒன்று. மினிபஸ் கண்டக்டர், ஆகையால் எங்களுக்கு அவர் கண்டக்டர். குடிவந்த அன்று ஒரு பாய், ஒரு பக்கெட், மூன்று சாக்குமூட்டையோடு வந்தார். மூட்டையில் என்ன என்று கேட்டேன். "மரம் சார்" என்றார். மூட்டையைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன். விறகைத்தான் அப்படிச் சொல்கிறார், அடுப்பு மூட்டிச் சுவரைக் கரியாக்கப் போகிறார் என்ற கவலையிலேயே இரண்டு நாள் கழிந்தது.

அவர் ஓடுவது அரிமளம் ரூட். வழியெல்லாம் தைலமரக் காடு. மரத்தை வெட்டி லாரியில் ஏற்றிய பிறகு ஜேசிபி விட்டுத் தூரையும் நோண்டி, செங்கல் சூளைக்குப் போவதற்காக ரோட்டோரம் குவித்திருப்பார்கள். அந்தக் குவியலைக் கண்டதும் கண்டக்டர் விசிலடித்து பஸ்ஸை நிறுத்திவிடுவார். சில தூர்களில், தண்டும் வேரும் சேருகிற இடத்தில், தேங்காய் பருமனுக்கு ஒரு முண்டு புடைத்திருக்கும். அவர் தேடுவது அதைத்தான்.

"ஏப்பா, ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சுப்பா!"

"இந்தா வாரேன் ஆத்தா, ஒரே ஒரு தூருதான்!"

அந்த முண்டை அறுத்தெடுத்து மண்ணில் வைத்தால் கொஞ்ச நாளில் சிவப்புச் சிவப்பாகத் துளிர்க்கும். ஒன்றிரண்டு துளிரை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளுவார். பழைய ஃபேன் காயில் கம்பியைச் சுற்றிக் கிளையை வளைப்பார். வேரைக் குறைத்து அகலமான தட்டில் நடுவார். சில வருஷம் போனால் ஒரு முழ உயரத்தில், தாத்தா காலத்து மரம் மாதிரி தோரணையாக ஒரு தைலமரம் நிற்கும். போன்சாய் வித்தையாம், போனில் பார்த்துக் கற்றுக்கொண்டாராம்.

அவர் இலை கிள்ளுகிற நாளெல்லாம் வீடு முழுக்கத் தைல வாசம். வந்த விருந்தாளிகள் "யாருக்குச் சளி?" என்று கேட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். என் மனைவி யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு அலுத்துப்போய் என்னைக் கைகாட்ட ஆரம்பித்தாள்.

"எதுக்குங்க இதெல்லாம் வளக்குறீங்க?" என்று ஒரு திங்கட்கிழமை கேட்டேன். "சும்மா, பொழுது போகணும்ல" என்றார். வியாழக்கிழமை கேட்டேன். "ஜப்பான்ல இதுக்கு எம்புட்டு மதிப்பு தெரியுமா சார்?" என்றார். ஞாயிற்றுக்கிழமை கேட்டபோது கையிலிருந்த முண்டைத் தடவிக்கொண்டே சொன்னார். "வெட்டிட்டாங்க. தூரையும் நோண்டி வீசிட்டாங்க. அதுக்கப்புறமும் துளுக்குது. அதப் பாத்துட்டு எப்பிடி சார் பஸ்ஸுல ஏறிப் போறது?"

"ஆமாமா" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். எதற்கு ஆமாம் போட்டேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அவர் குடிவந்த நாலாம் வருஷம் சித்திரையில்தான் வினை வந்தது. எங்கள் தெருவில் ஆறு வீட்டுக்கும் பொதுவாக ஒரே போர்வெல். ஒருநாள் மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் வரவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டால், வெயில் காலம், சனிக்கிழமைதான் வருவேன் என்றுவிட்டார். அதுவரை சும்மா இருப்பார்களா? மளிகைக்கடை செல்லையா அண்ணன் தலைமையில் தெருவே என் மாடிக்கு ஏறிவிட்டது.

"ஊர்க் கெணறெல்லாம் எதால வத்துச்சு? இந்த மரத்தாலதானங்க! அதக் கொண்டாந்து நம்ம தலைக்கு மேல வச்சிருக்கீங்களே!"

"அண்ணே, வேரு மூணு வெரக்கட கூட இல்ல. போரு நானூறு அடிண்ணே!"

"அதெல்லாம் மோப்பம் புடிச்சு எறங்கிரும்."

நான் படித்தவன். இதையெல்லாம் நம்புவேனா? வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, எங்காவது வேர் எட்டிப் பார்க்கிறதா என்று துடைப்பக்கட்டையால் சீலிங் முழுக்கத் தட்டிப் பார்த்தேன்.

கண்டக்டர் ஒரு மரத்தைத் தெருவுக்கே தூக்கிவந்தார். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தார். "ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கும், நீங்களே பாருங்க" என்று ஊற்றினார். ஆறு வீட்டுச் சனமும் நாற்காலி போட்டு அரைமணி நேரம் பார்த்தோம். மரம் சும்மா நின்றது.

"ஆளு பாக்குறப்ப அது குடிக்காது" என்று செல்லையா அண்ணன் தீர்ப்பு சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் மரம் போகவேண்டும், இல்லாவிட்டால் ஆள் போகவேண்டும்.

இருபத்துமூன்று தைலமரத்தோடு வருகிறவருக்கு இந்த ஊரில் எவன் வீடு கொடுப்பான்? கண்டக்டர் என்னைப் பார்த்தார். வீட்டுக்காரன் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வெட்கக்கேடு, செருப்பைத் தேடுகிற பாவனையில் குனிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை மினிபஸ்ஸைக் கொண்டுவந்து மரங்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை மெக்கானிக் மோட்டாரை வெளியே இழுத்தார். பைப்பில் ஒரு ஓட்டை. "தண்ணி உள்ள நல்லாத்தான் கெடக்கு சார், மேல ஏறல, அம்புட்டுதான்." புதுப் பைப்பைப் போட்டதும் பீய்ச்சி அடித்தது.

"பாத்தீங்களா? மரம் போன மறுநாளே தண்ணி வந்துருச்சு!" என்றார் செல்லையா அண்ணன். ஆறு வீடும் தலையாட்டியது. மெக்கானிக் என்னைப் பார்க்க, நான் ஓட்டைப் பைப்பைப் பார்த்தபடி நின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மாடிக்குப் போனேன். ஒரு வாசமும் இல்லை. மனசு கேட்கவில்லை, பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். மினிபஸ்ஸின் பின் சீட்டெல்லாம் மரம் உட்கார்ந்திருக்கிறது, சனங்கள் நிற்கிறார்கள். ராத்திரியும் பஸ்ஸிலேயே படுக்கையாம். நாளைக்குள் இறக்காவிட்டால் வேலை இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டாராம்.

"ஏறுங்க சார், எங்கிட்டு போகணும்?"

"நான் எங்கிட்டும் போகல. நீங்க எறங்குங்க. வீட்டுக்குப் போவோம்."

"தெருவுல சண்டைக்கு வருவாங்களே சார்?"

"வரட்டும். அன்னைக்கு நான் வாயத் தொறக்காம இருந்தது தப்பு."

கண்டக்டர் பின் சீட்டுக்குப் போனார். ஒரு மரத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு, அந்த பஸ்ஸிலேயே தெருவுக்கு வந்து இறங்கினேன். செல்லையா அண்ணன் கடையை விட்டே ஓடிவந்தார்.

"ஏய்யா, தெருவே ஒண்ணாச் சேந்து அனுப்புன ஆள மறுபடி கூட்டியாறியே, அவரு ஒனக்கு என்னய்யா வேணும்?"

யோசித்துப் பார்த்தேன். சொந்தமில்லை, சாதிசனமில்லை, அவர் பெயர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது.

"நம்ம வீட்டு ஆளுண்ணே" என்றேன்.