நாலு காலில் வந்த அப்ரூவல் பீஸ்

படிக்காதவர் செய்யும் முட்டாள்தனத்துக்கு ஊரில் ஒரே பெயர்தான், முட்டாள்தனம். அதையே மூன்று வருடம் கல்லூரிக்குப் போய்ப் படித்துவிட்டுச் செய்தால் 'கான்செப்ட்' என்பார்கள். நான் போட்டோகிராபியில் டிகிரி வாங்கியவள். ஒரு காலத்தில் என்னிடம் கான்செப்ட்டுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

திருப்பூர் நல்லூரில் அப்பா சின்னதாக ஒரு கார்மென்ட்ஸ் யூனிட் வைத்திருக்கிறார். குழந்தைகள் உடுப்பு மட்டும்தான், எல்லாம் ஏற்றுமதிக்கு. கீழே தையல், மாடியில் நாங்கள். ப்ளஸ் டூ முடித்துவிட்டுப் போட்டோகிராபி படிக்கப் போகிறேன் என்று நான் சொன்னதும் சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்க வருவதுபோல வந்தார்கள்.

"போட்டோ புடிக்கறதுக்கு மூணு வருசம் படிக்கோணுமாக்கும்?" என்றார் ஒரு மாமா. "எங்கூட்டுல பொடுசுக எல்லாம் போன்லயே புடிக்குதுங்களே."

அப்பா மட்டும் எனக்காக வாதாடினார். பாசம் என்று நம்பினேன். (பாசமும் இருந்தது. ஆனால் "நாளைக்கு நம்ம கேட்லாக்கை வெளிய குடுத்து எடுக்க வேண்டியதில்லை பாருங்க" என்று அவர் மாமாவின் காதில் சொன்னது எனக்கும் கேட்டது.)

கோயம்புத்தூரில் கல்லூரி. முதல் வருடம் வெளிச்சம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டாம் வருடம் நிழல். மூன்றாம் வருடம் சொல்லிக்கொடுக்க எதுவும் மிச்சமில்லை போல, போர்ட்ஃபோலியோ கேட்டார்கள். நம்முடைய நல்ல படங்களையெல்லாம் சேர்த்து ஒரு ஆல்பமாகக் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் மார்க், அதைக் காட்டித்தான் வேலை. நான் எங்கள் யூனிட்டில் எடுத்த படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். கறுப்புச் சட்டையைத் தவிர வேறு நிறமே அறியாத எங்கள் பேராசிரியர் ஒவ்வொன்றையும் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"துணி தெரியுது. இதுல நீ எங்கம்மா?" என்றார்.

வேறு யாராக இருந்தாலும் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பார்கள். நான் அந்தக் கேள்வியைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தேன். திருப்பூர் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டில் பதில் கிடைத்தது. நாம் தைக்கும் உடுப்பை நாம் போடுவதில்லை. கடல் தாண்டி, பெயர் தெரியாத குழந்தைகள் போடுகின்றன. அதை இந்த மண்ணின் உயிர் ஒன்று போட்டால்? மண்ணின் உயிர் என்று யோசித்தபோது மனிதர் யாரும் என் ஞாபகத்துக்கு வரவில்லை. ஆடுதான் வந்தது. "உடையும் உடலும்: ஒரு விசாரணை" என்று தலைப்பும் வைத்துவிட்டேன். (சிரிக்காதீர்கள். விசாரணை பிறகு நிஜமாகவே நடந்தது.)

ஆட்டுக்குக் கவலையில்லை. அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, சேவூரில் ஒரு பட்டி ஆடு வைத்திருந்தார். உடுப்புதான் வேண்டும்.

ஏற்றுமதி யூனிட்டில் அப்ரூவல் பீஸ் என்று ஒன்று உண்டு. சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர் பார்த்து, எல்லாம் அச்சு அசலாக இப்படியே இருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டு, கையெழுத்திட்ட டேக் கட்டி அனுப்பும் ஒற்றை உடுப்பு. சரக்கை அனுப்பும் முன் சோதிக்க வருகிற கியூசிக்காரர்கள் அதோடு ஒப்பிட்டுத்தான் பாஸ் போடுவார்கள். அப்பா அறையில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் அது தொங்கும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி இருவருக்கும் பொது. அந்த முறை தொங்கியது மஞ்சள் நிறத்தில் கை, கால் எல்லாம் சேர்ந்த குழந்தை உடுப்பு. பின்பக்கம் சிரிக்கும் கரடி முகம்.

மற்ற பீஸ்களெல்லாம் பெட்டி போட்டு ஒட்டியாயிற்று. இது ஒன்றுதான் சுருக்கமில்லாமல் அழகாகத் தொங்கியது. இன்ஸ்பெக்ஷன் நாளைக்குத்தானே, சாயங்காலத்துக்குள் திருப்பி மாட்டிவிடலாம் என்று எடுத்துக்கொண்டேன். டேக் தொங்கினால் படம் கெடும் என்று அதைக் கத்தரியால் வெட்டினேன். அப்ரூவல் பீஸின் டேக்கை வெட்டினேன் என்று திருப்பூரில் வெளியே சொன்னால், கதவைச் சாத்திவிட்டுப் பேசச் சொல்வார்கள்.

சேவூரில் பெரியம்மா பட்டியிலிருந்து ஒரு வெள்ளைக் குட்டியைத் தூக்கி வந்தார். கொம்பு அப்போதுதான் முளைத்து விரல் நீளத்துக்கு நின்றது.

"ஏங் கண்ணு, ஆட்டுக்குக் குளிருதுன்னு உங்கிட்ட யாரு சொன்னா?" என்றார்.

"காலேஜுக்குங்க பெரியம்மா."

"ஓ" என்றார். காலேஜைப் பற்றி அவர் வைத்திருந்த அபிப்பிராயம் அந்த ஒரு எழுத்தில் இருந்தது. "எதுவோ பண்ணு சாமி. அடிச்சு கிடிச்சுப் போடாத. கருப்பராயனுக்கு நேந்து விட்டது அது."

கொம்பில் மாட்டிக்கொள்ளும் என்று பயந்தேன். கழுத்து விரிந்து கொடுத்து, தலை வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. நாலு காலையும் நாலு துளையில் விட்டு பட்டன் போட்டோம். குட்டி கொஞ்ச நேரம் தன்னையே குனிந்து பார்த்தது. பிறகு வால் ஆடத் தொடங்கியது. வால் உள்ளே ஆட, வெளியே கரடியின் மூக்கு ஆடியது. நான் கலையின் உச்சத்தில் நின்று படமாக எடுத்துத் தள்ளினேன்.

அத்தோடு விட்டிருக்கலாம். பின்னாலிருந்து வெயில் அடிக்கும்போது தண்ணீர் தெளித்தால் துளிகள் முத்து முத்தாக மின்னும் என்று இரண்டாம் வருடத்தில் படித்தது நினைவுக்கு வந்துவிட்டது. ஸ்பிரே பாட்டிலை எடுத்துக் குட்டியின் தலையில் நாலு அடி அடித்தேன். அது உடம்பை உலுக்கிச் சிலிர்த்தது.

எங்கள் பக்கத்தில் நேர்ந்துவிட்ட கிடாயின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது துலுக்கினால், அதாவது இப்படிச் சிலிர்த்தால், சாமி சம்மதித்துவிட்டது என்று அர்த்தம். இது பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். மூன்று வருடப் படிப்பில் மறந்துபோயிருந்தது.

"துலுக்கிப்போடுச்சே!" என்று பெரியம்மா மண்ணில் விழுந்தார். "கேக்காமயே உத்தரவு குடுத்துப்போட்டியே, கருப்பராயா!"

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. எங்கள் யூனிட்டின் மெர்ச்சன்டைசர் குணா அண்ணன். பையருக்கும் எங்களுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குவதுதான் அவர் வேலை.

"அம்மிணி, அப்ரூவல் பீஸைப் பாத்தீங்களா? கியூசி மேடம் ஒரு நாள் முன்னாலயே வந்துட்டாங்க. கழுத்து சின்னதா இருக்குது, குழந்தை தலை போகாதுன்னு நிறுத்தி வச்சுட்டாங்க. அப்ரூவல் பீஸைக் காட்டுனாத்தான் பாஸாமா. கன்டெய்னரும் நாளைக்குப் பதிலா இன்னைக்குச் சாயங்காலமே கெளம்புதாமா."

"எங்கிட்டத்தான் இருக்குதுங்கண்ணா. சேவூர்ல."

"சேவூர்ல எங்க?"

குட்டியைப் பார்த்தேன். "ஒருத்தர் போட்டிருக்காங்க."

"யாரு?"

"வந்து சொல்றனுங்க."

கன்டெய்னர் போய்விட்டால் சரக்கை விமானத்தில்தான் அனுப்ப வேண்டும், அதுவும் அப்பா செலவில். யூனிட்டையே சேர்த்து அந்த விமானத்தில் ஏற்றி அனுப்ப வேண்டியதுதான். பட்டனில் கை வைத்தேன். பெரியம்மா என் கையைத் தட்டிவிட்டார்.

"உத்தரவு குடுத்தப்ப போட்டிருந்த துணி. பூசை பண்ணாம கழட்டக் கூடாது."

இப்படி ஒரு விதி எங்கும் கிடையாது என்று எனக்குத் தெரியும். அதை அவர் அந்த நிமிடம்தான் இயற்றினார். வாதாட நேரமில்லை. என் ஸ்கூட்டரில் முன்னால் நான், பின்னால் பெரியம்மா, நடுவில் மஞ்சள் உடுப்பில் ஆடு என்று கிளம்பினோம். அவிநாசி தாண்டும்போது பக்கத்தில் வந்த காரிலிருந்து ஒரு குழந்தை டாட்டா காட்டியது. குட்டி பதிலுக்கு இடது கையைத் தின்னத் தொடங்கியது. உடுப்பின் கையைத்தான். வாயைப் பிடுங்கலாம் என்றால் நேர்ந்துவிட்டது, அதட்டவும் கூடாது. நல்லூர் வருவதற்குள் முழங்கை வரை முடித்துவிட்டது.

வாசலில் காத்திருந்த குணா அண்ணன் எங்களைப் பார்த்தார். உள்ளே திரும்பி, உயிரில்லாத குரலில் சொன்னார். "மேடம், அப்ரூவல் பீஸ் வந்துருச்சுங்க."

அது நாலு காலில் நடந்து உள்ளே வந்தது. தையல் மெஷின்கள் வரிசையாக நின்றுபோயின. ஒடிசாவிலிருந்து வந்து தைக்கும் பெண்கள் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். எனக்கு ஒடியா தெரியாதது அன்றைக்கு நல்லதாகப் போயிற்று.

"கண்ணு," என்றார் அப்பா. "என்னது இது?"

"கான்செப்ட்டுங்கப்பா."

அப்பா திட்டவில்லை. பக்கத்திலிருந்த அட்டைப்பெட்டியின் மேல் மெதுவாக உட்கார்ந்துவிட்டார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அப்படி உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கியூசி மேடம் சென்னைக்காரர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. ஆட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்தார். குனிந்து, அதன் விலாவில் இருந்த லேபிளைப் படித்தார்.

"டேக் எங்கே?"

கேமரா பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.

"கை எங்கே?"

எல்லோரும் ஆட்டின் வாயைப் பார்த்தோம். அது இன்னும் மென்றுகொண்டிருந்தது.

மேடம் விரலை விட்டு உடுப்பின் கழுத்தை இழுத்துப் பார்த்தார். பிறகு, "இதை எப்படி மாட்டினீங்க?" என்றார்.

"தலை வழியாத்தானுங்க."

"கொம்போடயா? தையல் விடலையா?"

"இல்லீங்க மேடம். வழுக்கிட்டுப் போச்சுங்க."

குணா அண்ணனுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "மேடம், பக்கத்து ஊட்டுல குழந்தை இருக்குதுங்க. தூக்கிட்டு வரட்டுங்களா? நம்ம பீஸ் ஒண்ணைப் போட்டே பாத்துரலாங்க."

"குழந்தையை ஃபேக்டரிக்குள்ள விட்டா முதல்ல உங்க ஆர்டர் போகும். அப்புறம் என் வேலை போகும்" என்றார் மேடம். குழந்தைத் தொழிலாளர் என்று எழுதிவிடுவார்களாம். சற்று யோசித்தார். "ஆட்டைப் பத்தி ரூல்ல ஒண்ணும் இல்லை."

இஞ்ச் டேப்பை எடுத்து ஆட்டின் தலையைக் கொம்போடு சேர்த்துச் சுற்றி அளந்தார். குழந்தைத் தலையைவிடப் பெரிது. அவரே போய், அடியில் இருந்த பெட்டியைத் திறந்து, நடுவிலிருந்து ஒரு பீஸை உருவிக்கொண்டு வந்தார். "இருக்கிறதைக் கழட்டுங்க" என்றார்.

"பூசை பண்ணாம கழட்டக் கூடாதுங்க" என்றார் பெரியம்மா.

"பண்ணுங்க. சீக்கிரம்."

அப்பா அறையிலிருந்து சாம்பிராணி வந்தது. பெரியம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்தார். குட்டி மறுபடி துலுக்கியது. மேடத்தின் கண்ணாடி முழுக்கத் துளி. அவர் துடைத்துக்கொண்டு, "ஆச்சா?" என்றார். "ரெண்டாவது உத்தரவும் ஆச்சுங்க" என்றார் பெரியம்மா. குணா அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பழையதைக் கழற்றினார்கள். அப்பா எழுந்து வந்து குட்டியைக் குழந்தையைப்போல இடுப்பில் வாங்கிக்கொண்டார். மேடம் புதுப் பீஸின் கழுத்தை விரித்து, நூல் தெறிக்கும் சத்தம் கேட்கிறதா என்று காதை ஆட்டின் கழுத்தோடு ஒட்டிவைத்துக்கொண்டு, மெதுவாக இழுத்தார். கொம்பு, காது, கன்னம் என்று எல்லாம் தாண்டி வழுக்கிக்கொண்டு இறங்கியது. தையல் அசையவில்லை. இன்னொரு பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்தார். அதுவும் இறங்கியது.

"பாஸ்" என்றார் மேடம்.

அப்பா ஆட்டைக் கீழே விடவில்லை. கன்டெய்னர் கதவு சாத்தும்வரை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

கன்டெய்னர் தெருமுனை திரும்பிய பிறகுதான் என் கழுத்தில் ஏதோ கனப்பதைக் கவனித்தேன். கேமரா. சேவூரில் போட்ட மூடியைக்கூடக் கழற்றவில்லை. ஒரு கியூசி ஆட்டுக்கு இஞ்ச் டேப் பிடித்து, அப்பா அதை இடுப்பில் வைத்திருந்த காட்சி, உலகத்தில் எந்தப் போட்டோகிராபருக்கும் கிடைக்காதது, என் கண்ணெதிரே நடந்தது. மூன்று வருடம் படித்த நான் அதை நகத்தைக் கடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

அந்தக் காட்சிக்கு இருந்த ஒரே படம், மேடம் அளந்தபோது பெரியம்மா தன் போனில் எடுத்தது. கொஞ்சம் கலங்கியது. கால்வாசிப் படத்தை அவர் கட்டைவிரல் மறைத்திருந்தது.

கல்லூரியில் என் ஆட்டுப் படங்களைப் பேராசிரியர் கடகடவென்று புரட்டிவிட்டு மூடினார். அழாத குறையாக நடந்ததைச் சொன்னேன். பெரியம்மாவின் படத்தைக் காட்டினேன். அதை அவர் முதல்முறையாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அந்த விரல்," என்றார். "பார்க்கிறவனையும் அறைக்குள்ள இழுக்குது. யார் எடுத்தது?"

"எங்க பெரியம்மாங்க சார்."

"அவங்க எங்கே படிச்சாங்க?"

நான் ஜஸ்ட் பாஸ்.

அந்த ஆட்டை வெட்டவில்லை. கருப்பராயனே அதை வேலைக்குச் சேர்த்துவிட்டார் என்று பெரியம்மா வேறொன்றை நேர்ந்துவிட்டார். இப்போது அது ஆளையே முட்டித் தள்ளும் கிடாய். அப்பா ஒவ்வொரு புது ஸ்டைலுக்கும், அளவு போட்டு வெட்டும் பேட்டர்ன் மாஸ்டரிடம், "ஆட்டுத் தலைக்குப் போகுமுங்களா?" என்றுதான் கேட்கிறார். என் நிச்சயதார்த்தத்தில் ரவிக்கை இறுக்கம் என்று நான் புலம்பியபோது, மாப்பிள்ளை வீட்டார் எதிரிலேயே அம்மாவும் அதையே கேட்டார்.

நான் இப்போது திருப்பூரில் கேட்லாக் படங்கள் எடுக்கிறேன். சுமாராக ஓடுகிறது. அப்பா அறையில் முருகனுக்குப் பக்கத்தில் நான் எடுத்த படம் எதுவும் இல்லை. பெரியம்மாவின் அந்தப் படம்தான் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. போன வாரம் புதிதாக வந்த ஒரு பையிங் ஏஜென்ட் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பொண்ணு எடுத்ததுங்க," என்றார் அப்பா, என்னைக் காட்டி. "போட்டோகிராபில டிகிரி."

"நல்லாருக்குதுங்க. விரல் ஒண்ணு குறுக்க வந்துருச்சுங்களே?"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

"அதானுங்க கான்செப்ட்டு" என்றார்.