கூடையில் கவிழ்த்த மாப்பிள்ளை

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் இரண்டு பெட்டைக் கோழிகளும் சுகம். அங்கே நீங்களும் எங்கள் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கோபமாக இருக்கிறீர்கள் என்பது தெரியும். இங்கே மழை இல்லை. அங்கே உண்டா? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாம் இருவரும் போனில் பேசிக்கொண்டது மழையைப் பற்றி மட்டும்தான் என்பதால் அதை முதலிலேயே முடித்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் உங்கள் காதில் விழுந்தது எதுவும் உங்களைப் பற்றியது அல்ல. "மாப்பிள்ளை இனிமே இந்த வீட்டுல இருக்கக் கூடாது" என்று அத்தை கத்தியதும், "தின்னுறதையும் சத்தம் போடுறதையும் தவிர அவருக்கு என்ன தெரியும்?" என்று கேட்டதும், "பேசாம கழுத்தைத் திருகிட்டா எல்லாருக்கும் நிம்மதி" என்று நான் சொன்னதும் (சொன்னேன், இல்லையென்று சாதிக்கவில்லை) எல்லாமே ஒரு சேவலைப் பற்றி. அந்தச் சேவலுக்குப் பெயர் மாப்பிள்ளை. இந்த இடத்தில் நீங்கள் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு எங்கள் மகளைப் பார்ப்பீர்கள். தயவு செய்து மறுபடியும் கையில் எடுங்கள். மாமனார் மாமியாராக லட்சணமாக இருக்கவேண்டிய இரண்டு பேர் ஒரு கோழிக்கு இப்படிப் பெயர் வைப்பார்களா என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான். அதை விளக்கத்தான் இத்தனை தாள் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மகள் உங்களோடு கிளம்பிப் போன பிறகு இந்த வீட்டில் சத்தம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. குக்கர் விசில் அடித்தால் நாங்கள் இருவரும் யாரோ வந்துவிட்டார்கள் என்று எழுந்து நிற்போம். ஒருநாள் அத்தை கடைத்தெருவுக்குப் போனவள் துணிப்பையில் மூன்று கோழிக்குஞ்சுகளோடு வந்தாள். "எல்லாம் பெட்டைங்க. விக்கிறவன் அடிச்சுச் சொன்னான்" என்றாள். எனக்கு அப்போதே வலது கால் தரையை அமுக்கியது. டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இன்னொருவர் வண்டிக்குப் பிரேக் போட்டே காலம் தள்ளினவன் நான். ஆபத்து வரும்போது கால் தானாக அழுத்தும். ஆனால் வீட்டில் அழுத்துவதற்குப் பெடல் கிடையாது என்பதால் குஞ்சுகள் உள்ளே வந்துவிட்டன. இரண்டு பெட்டையாகத்தான் வளர்ந்தன. மூன்றாவதுக்குக் கொண்டை சிவந்தது, வால் வளைந்தது, நடையில் ஒரு தினுசு வந்தது. அப்போதும் அத்தை, "இது கொஞ்சம் தாட்டியான பெட்டை, அவ்வளவுதான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் ஒரு விடியற்காலையில் அந்தத் தாட்டியான பெட்டை கழுத்தை நீட்டி ஒரு கூவல் கூவியது பாருங்கள், தெருக்கோடி வரைக்கும் விளக்கு எரிந்தது.

பெட்டைகளும் லேசுப்பட்டவை அல்ல. ஒரு முட்டை போட்டுவிட்டு, உலகத்திலேயே முதல்முதலாக முட்டை போட்டது தான்தான் என்பது போல மத்தியானம் வரை கொக்கரிக்கும். ஆனால் அதையெல்லாம் தெரு பொறுத்துக்கொண்டது. முட்டை கொடுத்தால் வாய் அடைத்துவிடும். சேவலிடம் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? கூடையில் கவிழ்த்து மேலே கோணியைப் போட்டேன். கோணிக்குள்ளிருந்து கூவியது. பாத்ரூமில் வைத்துப் பூட்டினேன். அங்கே எதிரொலி சேர்ந்துகொண்டு ஒன்றுக்கு நாலாகக் கேட்டது. கடைசியில் கொட்டகையில் நிற்கும் என் பழைய பயிற்சி காருக்குள் விட்டு, மூச்சு விட மட்டும் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்தேன். வெறும் ஆசைக்காக அதற்கு இன்னும் பேட்டரி வைத்திருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அந்தப் பிராணி ஸ்டியரிங் நடுவில் ஏறி உட்கார்ந்து, ஹாரனையும் அழுத்திக்கொண்டு கூவியது. இத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், முதல் நாளே ஹாரனில் கை வைத்த மாணவன் அவர் ஒருத்தர்தான்.

பார்த்தீர்களா, நானே 'அவர்' என்று எழுதிவிட்டேன். பெயர் அப்படி. வைத்தவுடனே மரியாதையும் கூடவே வந்து ஒட்டிக்கொண்டது. 'மாப்பிள்ளை வந்தது, போனது' என்று எந்த வாய் சொல்லும்? "மாப்பிள்ளை சாப்பிட்டாரா?", "மாப்பிள்ளை எங்கே போனார்?" என்றுதான் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை குழப்பத்துக்கு மூலகாரணமே இந்த மரியாதைதான். நாங்கள் கொஞ்சம் மரியாதை கெட்டவர்களாக இருந்திருந்தால் உங்களுக்கு மனவருத்தம் வந்திருக்காது.

எங்கள் பின்சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர் பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். ராத்திரி முழுக்க அடுப்பு முன்னால் நின்றுவிட்டுக் காலையில்தான் வந்து படுப்பார். ஒருநாள் புருவத்தில் மாவோடு வாசலில் வந்து நின்று, "சார், தப்பா நெனைக்காதீங்க. உங்க மாப்பிள்ளை விஷயமாப் பேசணும்" என்றார்.

"மன்னிச்சுக்கங்க. சத்தம் ரொம்பத் தொந்தரவா இருக்கா?" என்றேன்.

"அவரு சத்தமே எனக்குக் கேக்கல சார். உங்க ரெண்டு பேர் சத்தம்தான் கேக்குது. கோழி கூவுது, அது பாட்டுக்குக் கூவட்டும். ஆனா பொண்ணைக் கட்டின மனுஷனைப் பாத்ரூம்ல வெச்சுப் பூட்டுறதும், கூடையைப் போட்டுக் கவுக்கிறதும்... நேத்து கார்ல போட்டுப் பூட்டினீங்க. அவரு பாவம் ஹாரன் அடிச்சு உதவி கேக்கிறாரு. மனசு கேக்கல சார்."

அவரைக் கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துப் போய் மாப்பிள்ளையைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "இவரா?" என்றார். அப்புறம், "அப்ப நீங்க திட்டுறது நியாயம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். வினை அதோடு போகவில்லை. மறுநாளே வந்து, "தெரிஞ்ச பிறகு கூவுறது காதுல விழுந்துக்கிட்டே இருக்கு சார், கண்ணை மூட முடியல. ஏதாவது பண்ணுங்க" என்றார். நல்ல மனுஷன், அவர் தூக்கத்தையும் கெடுத்த பாவம் எங்களுக்கு.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை. பக்கத்து வீட்டு அம்மாவின் மாப்பிள்ளை வாரம் தவறாமல் வந்து தங்குவார். நம்முடையவர் சுவரேறிக் குதித்து, அவர்கள் ஜன்னல் வழியாக உள்ளே போய், அவர் படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டில் நின்று கூவியிருக்கிறார். கூவினது எங்கள் மாப்பிள்ளை, கட்டிலிலிருந்து விழுந்தது அவர்கள் மாப்பிள்ளை. அந்த அம்மா எங்கள் கூடத்தில் நின்று ஆகாயத்துக்கும் பூமிக்குமாகக் குதித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து உங்கள் போன் வந்தது. நான் எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் மேஜைமேல் வைத்துவிட்டேன். எடுத்ததே மறந்துவிட்டது. அதற்குப் பிறகு எங்கள் வாயில் வந்ததெல்லாம் உங்கள் வீட்டு ஸ்பீக்கரில் வந்திருக்கிறது. சாயந்திரம் மகளிடமிருந்து ஒரே வரி: 'நாங்க வரல. அவருக்கு லீவு இல்ல.' பதறிக்கொண்டு கூப்பிட்டோம். எடுத்தாள். அத்தை எடுத்த எடுப்பில், "அது வெறும் கோழிம்மா!" என்றாள். "என் வீட்டுக்காரரை இப்பக் கோழின்னு வேற சொல்றியா?" என்று வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

மாடி அறைக்குப் புது மெத்தை வந்திருக்கிறது. ஃபேன் சத்தத்தைச் சரி பண்ணியாயிற்று. நீங்கள் இரண்டு பேரும் வந்து பத்து நாள் தங்கப்போவது இதுதான் முதல் தடவை என்று உங்கள் அத்தை பால்காரரிடம் கூடச் சொல்லி வைத்திருந்தாள். இப்போது அவர் தினமும், "எப்ப வர்றாங்க?" என்று கேட்கிறார். அவள் பால் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் வராமல் போனால் அந்த மெத்தையை எங்களால் பார்க்க முடியாது மாப்பிள்ளை. அதனால்தான் வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

பெயர்க் காரணம் இன்னும் சொல்லவில்லை. அதன் கம்பீரத்தைப் பார்த்து வைத்தோம் என்று முதலில் எழுதி அடித்துவிட்டேன். தாளின் பின்பக்கம் பார்த்தால் தெரியும். உள்ளதைச் சொல்கிறேன். சேவல் கூவ ஆரம்பித்த புதிதில் பக்கத்து வீட்டு அம்மா சுவர் மேலே தலையை நீட்டி, "எங்க மாப்பிள்ளை வந்திருக்கார், கொஞ்சம் தூங்கணும். உங்க கோழியை அடக்குங்க" என்றார். ஒவ்வொரு வாரமும் அந்தச் சுவர் தாண்டி 'மாப்பிள்ளை குளிச்சாச்சா, மாப்பிள்ளைக்கு டீ ஆச்சா' என்று கேட்டுக் கேட்டு உங்கள் அத்தைக்கு என்னவோ ஆகிவிட்டது. "எங்க வீட்டுலயும் மாப்பிள்ளை இருக்கார்! அவரை நாங்க அடக்குறதில்ல!" என்று பதிலுக்குக் கத்திவிட்டாள். கை சேவலைக் காட்டியது, ஆனால் சொன்னது உங்களைத்தான். அப்போதே அதற்குப் பெயர் அமைந்துவிட்டது. அவளுக்கு அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும் மாப்பிள்ளை. காலையில் எழுந்து, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, "மாப்பிள்ளை, சாப்பிட வாங்க" என்று சொல்ல வேண்டும். நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், வேலை அப்படி, உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. பக்கத்தில் இருந்தவரைக் கூப்பிட்டாள், வேறொன்றும் இல்லை.

கடைசியாக நல்ல செய்தி. நேற்று என் பழைய மாணவன் ஒருவன் சரக்கு வேனோடு வந்தான். ஊருக்கு வெளியே அவனுக்குத் தோட்டம் இருக்கிறது. அவனிடம் சேவலை ஒப்படைத்துவிட்டேன். ஆகவே இன்றைய தேதியில் இந்த வீட்டுக்கு ஒரே மாப்பிள்ளை, அது தாங்கள்தான் என்பதை உறுதியோடு தெரிவித்துக்கொள்கிறேன். பக்கத்து வீட்டு அம்மா சிரிக்கிறார், ரொட்டிக்காரர் தூங்குகிறார், வீடு பழையபடி அமைதியாக இருக்கிறது. கிளம்பி வாருங்கள். எங்கள் மகளுக்கு ஆசீர்வாதமும், தங்கள் பெற்றோருக்கு எங்கள் இருவரின் வணக்கமும். நீங்கள் இரண்டு பேரும் நூறு வருஷம் ஒற்றுமையாக இருந்து எங்களை அடிக்கடி கோபித்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும்,
மாமனார்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் கடைசிப் பத்தியை நம்ப வேண்டாம். இன்று காலை உங்கள் அத்தை கைநிறையத் தானியத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய், பழக்க தோஷத்தில், "மாப்பிள்ளை, சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டுவிட்டாள். யாரும் வரவில்லை. மூடிய கையோடு அப்படியே நின்றாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். தோட்டத்து வாசலிலேயே மாணவன், "சார், நானே திருப்பிக் கொண்டாந்து விடலாம்னு இருந்தேன்" என்று கூடையை என் கையில் திணித்தான். ஆக, மாப்பிள்ளை திரும்ப வந்துவிட்டார். அவரை என் மடியில் வைத்து அத்தை ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பினாள். இரண்டு நாளாக உட்கார்ந்து நான் இத்தனை எழுத, அவள் ஒரு படத்தில் முடித்துவிட்டாள். கடித உறையை ஒட்டும்போது போன் அடித்தது. "மாமா, நான்தான்" என்றீர்கள். அந்த நேரம் பார்த்துக் கொல்லையில் கூவினது. "அதுதான் நானா மாமா?" என்று கேட்டீர்கள். "ஆமா மாப்பிள்ளை" என்றேன். நீங்கள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சனிக்கிழமை வருகிறோம் என்றீர்கள். அத்தை உடனே பால்காரரைத் தேடிக்கொண்டு ஓடினாள்.

எல்லாம் பேசி முடித்தாயிற்றே, இந்தக் கடிதம் எதற்கு என்று அவள் கேட்கிறாள். போனில் என் வாயில் வராத ஒன்று பாக்கி இருக்கிறது. எனக்கு ஆபரேஷன் ஆகிக் குனிய முடியாமல் படுத்திருந்தபோது, ஒரு மத்தியானம் நீங்கள் தனியாக வந்து உட்கார்ந்து, சத்தம் போடாமல் என் கால் நகங்களை வெட்டிவிட்டீர்கள். வெட்டினதையெல்லாம் ஒரு தாளில் பொறுக்கி எடுத்துக்கொண்டு போனீர்கள். நான் தூங்கவில்லை மாப்பிள்ளை. கண்ணைத் திறந்தால் நீங்கள் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவீர்களே என்று தூங்குவது மாதிரி கிடந்தேன். நான் பெற்ற பிள்ளையாக இருந்தால் கூட அவ்வளவு பொறுமையாகச் செய்திருக்க மாட்டான்.

இன்னொன்று. நீங்கள் வரும்போது இரண்டு பேருக்கும் ஒரே பெயர் இருந்தால் சரிப்படாது என்று சேவலுக்குப் பெயரை மாற்றிவிட்டோம். என்னை நீங்கள் கூப்பிடுகிற பெயரையே வைத்துவிடலாம், யாருக்கும் மனஸ்தாபம் வராது என்று உங்கள் அத்தை முடிவு செய்துவிட்டாள். ஆகையால் சனிக்கிழமை இங்கே வந்து இறங்கியதும், "மாமா ரொம்பக் கத்துறார், பிடிச்சுக் கூடையில கவுத்துங்க" என்று அவள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தால், தயவு செய்து எந்த மாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பிடியுங்கள்.