ஆறு மீட்டர் திரைத்துணி பன்னிரண்டு துண்டானது தொடர்பாக

மந்தைவெளி,
சனிக்கிழமை காலை.

மதிப்புக்குரிய தாளாளர் திருமதி கரோல் அம்மையார் அவர்களுக்கு,

தங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு 'பி' பிரிவுக்குக் கணக்கு எடுக்கும் புது டீச்சர் ஜொவிட்டாவின் தகப்பன் ஆம்ப்ரோஸ் பணிவன்புடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கு யாவரும் நலம். நலம் என்று எழுதுவது வழக்கத்துக்காகத்தான். வியாழக்கிழமை முதல் என் மகள் சரியாகச் சாப்பிடவில்லை, என் மனைவி ஐரின் என்னோடு பேசவில்லை, கீழ்வீட்டு டெய்லர் மெஹபூப் அலி என்னைத் தன் கடைக்குள் விடுவதில்லை. மூன்றுக்கும் காரணம் நானே. முதலாண்டு ஆசிரியர் பாராட்டுக்காகத் தாங்களும் மற்ற இரண்டு நடுவர்களும் வகுப்பைப் பார்க்க வந்த அன்று, என் மகள் பாடம் நடத்தப் பன்னிரண்டாக வெட்டிய பச்சைத் துணி, தாங்கள் மெஹபூப் அலியிடம் தைக்கக் கொடுத்திருந்த தங்கள் வீட்டு ஹால் திரைத்துணி. அதை எடுத்துக் கொடுத்தவன் நான். யாருடைய துணி என்று அவளுக்குத் தெரியாது. முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிட்டேன், இனி நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

ஜொவிட்டா இரண்டு வருடம் பி.எட். படித்ததாகச் சான்றிதழ் சொல்கிறது. அதில் பாதிப் படிப்பு என்னுடையது. முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகப் பதிவறையில் கோப்புகளுக்கு மேலட்டை எழுதிய கை என்பதால், சார்ட் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. முக்கோணத்தின் வகைகள், தெர்மகோல் கடிகாரம், பின்னத்துக்கு வட்டம் வட்டமாக அட்டை எல்லாம் நான் செய்தவை. ரெக்கார்டு நோட்டில் நான் ஸ்கேல் பிடித்து மார்ஜின் போட, ஐரின் கலர் அடித்தாள். பயிற்சிக்கு அனுப்பிய பள்ளியில் அவளை வராத டீச்சருக்குப் பதிலாக உட்காரவைத்தார்கள், பரீட்சைத் தாள் அடுக்கவைத்தார்கள். ஆனால் ரெக்கார்டுக்கு மட்டும் முழு மதிப்பெண் வந்தது, நாங்கள் மூவரும் பாஸ். போன ஜூனில் தங்கள் பள்ளியில் சேர்ந்த முதல் நாள் சாயங்காலம், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று கேட்டாள்: "அப்பா, நாப்பத்தாறு பசங்க. ஒருத்தன் அழறான், ரெண்டு பேரு அடிச்சிக்கிறாங்க, ஒருத்தி தூங்கறா. இதுக்கு என்ன பண்ணணும்னு ரெக்கார்டுல எங்கயுமே இல்லையே?" நான் எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். இல்லைதான். மார்ஜின் மட்டும் நேராக இருந்தது.

அப்படிப்பட்டவள் தானாகவே தேறினாள். தீபாவளிக்குள் அழுதுகொண்டு வருவது நின்றது, கிறிஸ்துமஸுக்குள் பிள்ளைகள் பேரைச் சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள். எல்லாம் அவள் சொந்த மூளை. இந்தப் பாராட்டைப் பெறுகிறவருக்குத்தான் ஜூன் முதல் நிரந்தரப் பணி, மற்றவர் வேலை நிச்சயமில்லை என்று அறிகிறேன். களத்தில் இருப்பது இரண்டே பேர். இன்னொருவர் 'ஏ' பிரிவின் அதீபா டீச்சர். அவரைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. ஆனால் ஆண்டு விழாவன்று அவர் வகுப்பை எட்டிப் பார்த்தேன், சுவரில் ஒரு சார்ட்கூட இல்லை. இதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருவது என் கடமை.

வியாழக்கிழமைப் பாடம், பின்னத்தால் வகுத்தல். திங்கள் முதல் எங்கள் ஹாலில் ஒத்திகை நடந்தது. நானும் ஐரினும் மாணவர்கள். ஆறை அரையால் வகுத்தால் பன்னிரண்டு என்றாள் ஜொவிட்டா. வகுத்தால் குறைய வேண்டாமா, எப்படிக் கூடும் என்று கேட்டேன். நான் மக்குப் பையனாக நடிக்கிறேன் என்று நினைத்து அவள் சந்தோஷப்பட்டாள். நான் நடிக்கவில்லை, அம்மையீர். இரண்டு நாள் கேட்டும் எனக்கு விளங்கவில்லை. கடைசியில் அவள் மெஹபூப் அலியை மாடிக்குக் கூப்பிட்டாள். "இன்னா சார், இதுக்குப் போயி இவ்ளோ ரோசனை பண்ணிக்கினு கீறீங்க? ஆறு மீட்டர அரை அரையா கிழிச்சா பன்னெண்டு பீஸு. எங்கடைல தெனமும் இதான" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். வகுப்பிலும் துணியையே வெட்டிக் காட்டுவது என்று ஜொவிட்டா முடிவாகச் சொன்னாள். அட்டை வட்டம் செய்து தருகிறேன் என்று நான் கெஞ்சியும் கேட்கவில்லை.

கழித்துப்போட்ட துணியாக ஆறு மீட்டர் வேண்டும். புதன்கிழமை மெஹபூப் அலி தி. நகர் போயிருந்தார். "வேஸ்ட் துணி ஷெல்ஃபுல கீது சார், எட்த்துக்கோங்க" என்று போனில் சொன்னார். எந்தத் தட்டு என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? பதிவறையில் நடப்புக் கோப்பு மேல்தட்டில், முடிந்த கோப்பு கீழ்த்தட்டில். உலகம் முழுக்க அப்படித்தான் என்று நம்பி முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்திருக்கிறேன். மெஹபூப் அலிக்குத் தோள்வலி, கையைத் தூக்க முடியாது, அதனால் அவசர ஆர்டரெல்லாம் கீழே, கழிவெல்லாம் மேலே என்பது எனக்கு எப்படித் தெரியும்? கீழ்த்தட்டில் அழகாக மடித்திருந்த பச்சைத் துணியை எடுத்து அளந்தேன். சரியாக ஆறு மீட்டர். இவ்வளவு நல்ல துணியைக் கழித்திருக்கிறாரே என்று மெஹபூப் அலிக்காக வருத்தப்படவும் செய்தேன்.

வியாழனன்று துணிப் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்த நான் அப்படியே வகுப்பு வராந்தாவில் நின்றுவிட்டேன். இரண்டிரண்டு பிள்ளைகளாக வந்து துணியைப் பிடிக்க, ஜொவிட்டா வெட்டினாள். ஏழாவது துண்டு விழும்போது தாங்கள் எழுந்தீர்கள். "மிஸ், அந்தத் துணி..." என்றீர்கள். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. தாங்கள் பிள்ளைகளைப் பார்த்தீர்கள், மிச்சத் துணியைப் பார்த்தீர்கள், "ஒண்ணுமில்ல, கன்டினியூ பண்ணுங்க" என்று உட்கார்ந்தீர்கள். அந்தப் பெருந்தன்மையை நான் மறக்கமாட்டேன். பக்கத்து நடுவர் 'துணைக்கருவி மிகப் பொருத்தம்' என்று எழுதிக்கொண்டிருந்தார். அப்போதுதான் அயான் கையைத் தூக்கினான். ஜூனிலிருந்து வகுப்பில் வாய் திறக்காத பையன் என்று மகள் சொல்லியிருக்கிறாள். "மிஸ், துணி ஒண்ணும் கூடல. பீஸ் சின்னதாயிடுச்சி, அதான் நெறைய வருது" என்றான். அம்மையீர், அறுபத்து மூன்று வயதில் எனக்கு அந்த நிமிடம்தான் விளங்கியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுவரில் நான் எழுதிய பதினான்கு சார்ட்டுகள் தொங்கின, ஒரு பிள்ளையும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

முடிவு தள்ளிவைக்கப்பட்டது என்று மாலையில் சுற்றறிக்கை வந்ததாம். திரைத்துணியால்தான் என்று வீட்டில் எல்லோரும் நம்புகிறோம். குற்றம் என்னுடையது, பாடம் அவளுடையது. இரண்டையும் ஒரே கோப்பில் சேர்த்துவிடாமல், பாராட்டை என் மகளுக்கே வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ரங்கநாதன் தெருவில் நேற்று நாலு கடை ஏறி வாங்கிய புதுத் துணியை மெஹபூப் அலி இந்தக் கடிதத்தோடு கொண்டுவருவார். தங்களுடையது கிளிப்பச்சை, இது வாழையிலைப் பச்சை. விளக்கு வெளிச்சத்தில் வித்தியாசம் தெரியாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார்.

திரை தைத்து வரும்வரை அடையாறு வெயில் தங்கள் ஹாலுக்குள் ஏறாமல் மாதா காப்பாராக. வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஆம்ப்ரோஸ்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஜொவிட்டா இதை வாங்கிப் படித்துவிட்டாள். "அதீபாவப் பத்தி என்னப்பா எழுதி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அவளை இவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை. "தானா தேறினேனாம்! மூணாவது பீரியட் எனக்கு ஃப்ரீ. ஜூலைலேர்ந்து தினமும் அவ கிளாஸ்ல கடைசி பெஞ்சுல போய் உக்காந்துக்கறேன். அழற பையன எப்படிப் பேசவைக்கறதுன்னு அங்கதான் பாத்தேன். அவ ரிப்பன வெட்டிக் காட்டினா, நான் துணிய வெட்டினேன். அவ்ளோதான்." இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றேன். "எத்தன மார்க்குனு கேப்பீங்க. யார்கிட்ட கத்துக்கிட்டேன்னு எப்பப்பா கேட்டீங்க?" என்றாள். அப்படியென்றால் வேலை என்னாவது என்றேன். "பயமாத்தான் இருக்கு. ஆனா அது அவளுக்குத்தான்பா வரணும்" என்றாள்.

ஆகவே மேற்கண்ட கோரிக்கையை ரத்து செய்து, பாராட்டை அதீபா டீச்சருக்கே வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதை எழுத எனக்கு மனமில்லை, அவள் பக்கத்தில் நின்று எழுதவைக்கிறாள். ஆனால் அடுத்த வரி என் சொந்த வேண்டுகோள். ஒருவேளை என் மகளையும் வேலையில் வைத்துக்கொண்டால், அடுத்த வருடமும் மூன்றாவது பீரியடில் அவளுக்கு வேறு வகுப்பு எதுவும் போட்டுவிடாதீர்கள்.